வன்னியில் கமராவோடு பிழைப்பது: சுயாதீன காணொளி ஊடகவியலாளருக்கும் ஆவணப்படக்காரருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் நான் எடுத்தவை இவை: இரண்டு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, கனடாவில் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்காக நேரலையில் ஒரு செத்தவீடு, தொண்டு நிறுவனம் ஒன்றுக்குத் தையல் பயிற்சி பற்றிய நாலு நிமிடப் படம், தொலைக்காட்சிச் செய்திக்கு மூன்று துண்டு. இரண்டு வருசமாக இழுத்துக்கொண்டிருக்கும் என் ஆவணப்படத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அதிலும் பாதியை மழை கொண்டுபோய்விட்டது.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் தம்பி தங்கைச்சிமார் கிளிநொச்சியில், முல்லைத்தீவில், வவுனியாவில் என்னைக் காணும்போது கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கமரா வாங்குவது என்பதுதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது, நீங்கள் எதை வைத்துச் சாப்பிடப் போகிறீர்கள் என்பது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: கொப்பியும் பேனையும்

பிராந்தியச் செய்தியாளருக்குப் பெரும்பாலான ஊடகங்கள் மாதச் சம்பளம் கொடுப்பதில்லை. போட்ட செய்திக்குத்தான் காசு. கிளிநொச்சியிலிருந்து பரந்தன், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவுக்குப் போய் வர நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு துண்டுக்குக் கிடைக்கும் பணத்தில் பெற்றோலைக் கழித்தால் மிச்சம் ஒரு தேத்தண்ணியும் பணிசும். சில வேளை அதுவும் இல்லை. 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான். அந்த நாட்களில் எந்தச் செய்திக்குப் போவது என்று தீர்மானித்தது ஆசிரியர் அல்ல, பெற்றோல் தாங்கிதான்.

கொப்பியில் இப்படி எழுதிப் பாருங்கள். இலக்கங்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை, உங்களுடையதை நீங்கள் போடுங்கள். வீட்டுச் செலவு மாதம் 70,000 ரூபாய். பெற்றோல், டேட்டா, போன் 20,000. கருவிகள் 360,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், அவை மூன்று வருசம் உழைக்கும் என்று வைத்தால், மாதத் தேய்மானம் 10,000. ஆக மொத்தம் 100,000. இனி, மாதத்தில் காசு வரும் படப்பிடிப்பு நாட்கள் எத்தனை? பத்து என்றால் அதுவே நல்ல மாதம், ஏனென்றால் ஒவ்வொரு படப்பிடிப்பு நாளும் தனக்குப் பின்னால் ஒரு எடிட்டிங் நாளைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும். அப்படியானால் ஒரு நாளுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைய வாங்கினால் நீங்கள் உங்கள் கைக்காசைப் போட்டு இன்னொருவருக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்கள்தான் மூன்றாம் வருசம் கமரா பழுதானதும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனவர்கள்.

கலியாண வீடியோ எடுப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். தாலி கட்டும் கணத்தை இரண்டாம் முறை எடுக்கச் சொல்லிக் கேட்க முடியாது. சனம் இடித்துக்கொண்டு நிற்கும்போது கை நடுங்காமல் நிற்பது, முன்கூட்டியே எங்கே நிற்க வேண்டும் என்று ஊகிப்பது, கெட்ட வெளிச்சத்தில் முகத்தைக் காப்பாற்றுவது எல்லாம் எனக்கு மண்டபங்களில் வந்த பழக்கம். செத்தவீட்டு நேரலை இன்னும் ஒன்றைக் கற்றுத் தந்தது: அழுகிறவரின் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், எப்போது கமராவை மெல்லத் திருப்பிவிட வேண்டும் என்பதை.

அடுத்த படி: கமரா இல்லாமல் போவது

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

வன்னிச் சனத்துக்குக் கமரா புதிதல்ல. 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. அதற்குப் பிறகு 2009 மே வரைக்கும் நடந்ததைப் பார்க்க வெளியிலிருந்து சுயாதீனமான கமரா எதுவும் உள்ளே வர முடியவில்லை. உள்ளே அகப்பட்டிருந்தவர்கள் எடுத்ததுதான் மிஞ்சியது. யுத்தம் முடிந்தபின் எதிர்மாறாக நடந்தது. உள்ளூர், கொழும்பு, தமிழ்நாடு, ஐரோப்பா என்று எல்லாத் திசையிலிருந்தும் கமராக்கள் வந்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தை எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்? இராணுவம் பிடித்த காணியைத் திருப்பிக் கேட்ட கேப்பாப்புலவுப் போராட்டத்தை? 2018 ஏப்ரலில் இரணைதீவுச் சனம் தாங்களே வள்ளம் ஏறித் தங்கள் தீவில் போய் இறங்கியதை?

அப்படி ஒரு போராட்டக் கொட்டிலில் நான் மூன்றாவது நான்காவது முறை கமராவைத் தூக்கியபோது ஒரு அம்மா, மடியிலிருந்த படத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“தம்பி, உங்களோட சேத்து எத்தினை பேர் வந்து எடுத்துக்கொண்டு போயிட்டினம் தெரியுமோ? ஒருத்தரும் எடுத்ததைக் கொண்டுவந்து காட்டேல்லை.”

நானும் காட்டவில்லை. அன்றைக்குப் படம் எடுக்காமல் வீட்டுக்கு வந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கில் அவர் இருந்த காட்சிகளைத் தேடி எடுத்து, போனில் ஏற்றிக்கொண்டு அடுத்த நாள் போனேன். முழுதாகப் பார்த்தார். தான் பேசியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “உதில பக்கத்தில இருக்கிறவ போன வருசம் செத்துப்போனா, அவவின்ர பிள்ளையளுக்குக் குடுங்கோ” என்றார். அந்த அம்மாவோடு தொடங்கிய பழக்கத்தில்தான் இப்போது நான் செய்துகொண்டிருக்கும் படம் வந்தது.

ஆகவே என் கணக்கில் ஒரு கதைக்குக் குறைந்தது மூன்று பயணம். முதல் பயணம் கமரா இல்லாமல். படலையடியில் நின்று கூப்பிட்டு, ஆர் எவர் என்று சொல்லி, இருந்து தேத்தண்ணி குடித்து, அவர்கள் கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வருவது. எந்த ஊர், ஆற்ற பிள்ளை, எங்கே இடம்பெயர்ந்திருந்தீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுங்கள். இரண்டாம் பயணம் படப்பிடிப்பு. மூன்றாவது, எடுத்ததைக் கொண்டுபோய்க் காட்டுவது. வெளியிலிருந்து பெரிய கமராவோடு வருகிறவருக்கு இந்த மூன்றாவது பயணம் இல்லை, அவருக்கு விமானம் இருக்கிறது. உங்களுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அவரோடு போட்டி போட உங்களிடம் உள்ள ஒரே பலம் அதுதான், அதை வீணாக்காதீர்கள்.

முதல் பயணத்தில் பார்த்துவர வேண்டிய சில்லறை விசயங்களும் உண்டு. வீட்டுக்குள் எந்தப் பக்கத்தால் வெளிச்சம் வருகிறது, எத்தனை மணிக்குத் தண்ணி மோட்டார் போடுகிறார்கள், பக்கத்தில் அரிசி ஆலை இருக்கிறதா, நாய் கடிக்குமா. நாயைச் சும்மா சொல்லவில்லை. ஒரு நேர்காணல் முழுக்க என் காலைப் பார்த்துக்கொண்டே குரைத்த நாய் ஒன்று இன்னும் என் ஒலிப்பதிவில் இருக்கிறது.

கருவிகள்: முதலில் காது

சரி, கமரா. கையில் இருக்கும் போன் 1080பி தரத்தில் தெளிவாக எடுக்குமென்றால் அதோடு தொடங்குங்கள். முதலில் காசு போட வேண்டியது ஒலிக்கு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும், பேசுவது விளங்காவிட்டால் அடுத்ததைத் தட்டிவிடும். உடுப்பில் குத்தும் கொலர் மைக் ஒன்று, பிறகு கமராவில் பூட்டும் மைக் ஒன்று, நல்ல ஹெட்போன் ஒன்று. பதிவு செய்யும்போது ஒலி அளவு காட்டும் கோட்டில் சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த சத்தத்தை எந்த மென்பொருளும் முழுதாகத் திருத்தித் தராது.

மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் சோளகக் காற்று அடிக்கும். நந்திக்கடல் ஓரத்திலோ பூநகரி வெளியிலோ மைக்கைத் திறந்து பிடித்தால் ஆள் பேசுவது கேளாது, பாய் உதறுவதுபோல ஒரு சத்தம்தான் வரும். மைக்குக்கு மேல் போடும், நாய்க்குட்டி மயிர் போன்ற உறையை வாங்க மறக்காதீர்கள், விலை பெரிதல்ல. அது இல்லாத நாளில் வேலியோ சுவரோ காற்றை மறைக்கும் பக்கத்தில் ஆளை இருத்துங்கள். கிடுகு வேலி சீமெந்து மதிலை விட நல்லது, சத்தம் திரும்பி அடிக்காது.

மின்சாரம் நமக்கு 50 ஹேர்ட்ஸ். குழல் விளக்கின் கீழ் எடுக்கும்போது கமராவை நொடிக்கு 25 பிரேமிலும் ஷட்டரை 50இல் ஒன்றிலும் வையுங்கள். 30 பிரேம், 60இல் ஒன்று என்று அமெரிக்க அமைப்பில் விட்டால் பாடசாலை மண்டபக் காட்சி முழுக்க வெளிச்சம் படபடக்கும். அதே ஷட்டரை வைத்துக்கொண்டு மத்தியான வெயிலில் வயலில் இறங்கினால் படம் வெள்ளையாகிவிடும். அதற்குத்தான் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போல லென்சுக்கு ஒரு என்டி பில்ட்டர்.

கொட்டிலுக்குள் பேசுகிறவரைச் சுவரோடு இருத்தாதீர்கள். உள்ளே இருட்டு, வெளியே பளீர் வெயில். வாசலில் இருந்து உள்ளே ஒரு ஆறடி தள்ளி, முகத்தின் ஒரு பக்கம் வாசலைப் பார்க்கிற மாதிரி இருத்தினால் விளக்கே வேண்டாம். பின்னால் திறந்த கதவு தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாவித்த கருவி வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் செம்மண் புழுதி புகுந்த லென்சைத் திருகும்போதே கரகரக்கும், அதைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பற்றரி குறைந்தது மூன்று. உப்புக்காற்றில் வேலை செய்துவிட்டு வந்தால் அன்றைக்கே துடையுங்கள்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இல்லாமல் வன்னியில் அதைப் பறக்கவிட்டால் கருவியும் போகும், நாளும் போகும். என் பார்வையில் வன்னியை மேலே இருந்து பார்த்தது போதும். குளத்தை வரம்பில் நின்று பாருங்கள்.

படப்பிடிப்பு: முறிகண்டியில் ஒரு மணித்தியாலம்

பயிற்சிக்கு நான் எல்லாரையும் அனுப்புவது முறிகண்டிக்கு. ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் பிள்ளையாரடியில் நிறுத்தும், தேங்காய் உடைக்கும், கச்சான் வாங்கும், போகும். ஒரே செயல் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடப்பதால் தவறவிட்டதை அடுத்த பஸ்ஸில் எடுக்கலாம்.

கச்சான் வறுக்கும் ஒரு அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் கை மட்டும்: சூடேறிய மணலுக்குள் அகப்பை இறங்குவது, கச்சான் புரளுவது. அடுத்து முகம் மட்டும்: புகைக்குச் சுருங்கும் கண். பிறகு கையும் முகமும் சேர்ந்து. பிறகு அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று, அவர் பார்க்கிற மாதிரி, வந்து நிற்கும் பஸ். கடைசியாக வீதிக்கு அந்தப் பக்கம் போய் முழு இடமும். ஒவ்வொன்றையும் கமராவை அசைக்காமல் பத்து நொடி வைத்திருங்கள். பத்து நொடி நீளமானது. மனதுக்குள் எண்ணாவிட்டால் மூன்றில் நிறுத்திவிடுவீர்கள். மணலில் அகப்பை உரசும் சத்தத்தை மைக்கை அருகில் கொண்டுபோய்த் தனியாகப் பதியுங்கள். பஸ் கிளம்பிய பிறகு வரும் அமைதியையும் அரை நிமிடம் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டு விழுந்த இடங்களை மூட அது உதவும்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை, கமராவை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று தண்ணி பாய்ச்சுகிற மாதிரி ஆட்டுவது. அது வேண்டாம். அந்த ஐந்து துண்டும் சரியாக இருந்தால், அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் ஒரு நிமிடப் படம் கையில் இருக்கும்.

வெளிச்சம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரையிலிருந்து எட்டரை, பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு. இடையில் நேர்காணலை நிழலில் செய்யுங்கள், இல்லாவிட்டால் தூங்குங்கள். நமது பக்கம் அந்தி நீளாது. சூரியன் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், ட்ரைபொட்டை அதற்கு முன்பே விரித்துவிடுங்கள்.

கேட்பதும் கேட்காமல் விடுவதும்

சம்மதத்தைத் தமிழில், கமராவுக்கு முன்னால், அவர் வாயால் வாங்குங்கள். எதற்கு எடுக்கிறேன், எங்கே வரும், யூடியூப்பில் வந்தால் கொழும்பிலும் இராணுவ முகாமிலும் இருக்கிறவர்களும் பார்ப்பார்கள், பிறகு வேண்டாம் என்றால் வெளிவருவதற்கு முன் சொல்லலாம் என்று நாலு விசயத்தையும் சொல்ல வேண்டும். கடைசி விசயத்தைச் சொல்ல நிறையப் பேருக்குப் பயம். நான் சொல்லத் தொடங்கி இத்தனை வருசத்தில் இருவர்தான் வேண்டாம் என்றார்கள். இருவருக்கும் காரணம் இருந்தது. ஒருவருடைய மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த நேரம் உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். ஷெல் விழுந்து பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதற்கு என்ன பதில் எதிர்பார்க்கிறீர்கள்? “அன்றைக்குக் காலமை என்ன சமைச்சனீங்கள்?” என்று கேளுங்கள். “பங்கருக்குள்ள எத்தினை பேர் இருந்தனீங்கள்?” என்று கேளுங்கள். பொருளைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டியதைத் தாங்களாகவே, தாங்கக்கூடிய அளவுக்குச் சொல்வார்கள். அழுதால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவவும் வேண்டாம், லென்சை முகத்துக்கு இழுக்கவும் வேண்டாம். தண்ணி கொடுங்கள், இருங்கள். பேசி முடிந்ததும் மைக்கைக் கழற்றிக்கொண்டு ஓடி வராதீர்கள். மாட்டைப் பற்றி, கிணற்றைப் பற்றி, பேரப்பிள்ளையின் பரீட்சையைப் பற்றிப் பேசி, அவரை இன்றைய நாளுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டுக் கிளம்புங்கள். இரவில் தனியாக இருக்கிற ஒருவரிடம் பின்னேரம் ஐந்து மணிக்கு இப்படியான நேர்காணல் வைக்காதீர்கள், காலையில் வையுங்கள்.

முன்னாள் போராளிகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சின்னப் பிள்ளைகள்: முகத்தை மறைப்பது போதாது. வீட்டு வாசல், குரல், சைக்கிள், கழுத்துச் சங்கிலி எதுவும் ஊருக்குள் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சந்தேகமென்றால் எடுக்காதீர்கள்.

அனுமதி, விசாரணை, மிதிவெடி

ஊடக அடையாள அட்டையை அரசாங்கத் தகவல் திணைக்களம் கொடுக்கிறது. நிறுவனக் கடிதம் இல்லாத சுயாதீனருக்கு அதை எடுப்பது இலேசல்ல. அதனால் ஏதாவது ஒரு ஊடகத்தோடு எழுத்தில் ஒரு தொடர்பை வைத்திருங்கள், காசு குறைவாக இருந்தாலும். பாடசாலை, வைத்தியசாலை, அரச அலுவலகத்துக்குள் எடுக்க அந்தந்தப் பொறுப்பதிகாரியிடம் முன்கூட்டிய கடித அனுமதி வேண்டும். கிராம அலுவலரைப் போய்ச் சந்திப்பது சட்டக் கடமை அல்ல, ஆனால் சந்தித்துவிட்டால் பல சிக்கல் வராது. முகாம் வேலி, காவலரண், கடற்படைத் தளம் பிரேமுக்குள் வராமல் நில்லுங்கள், அது கதைக்கு அவசியமாக இருந்தாலொழிய.

யாராவது நிறுத்தி விசாரித்தால் குரலை உயர்த்தாமல் பெயரையும் ஊடகத்தையும் சொல்லுங்கள், அவருடைய பெயரையும் எந்தப் பிரிவு என்பதையும் கேட்டு நேரத்தோடு எழுதி வையுங்கள். புறப்படும்போதே எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவருக்கு வட்ஸ்அப்பில் போடுவது பழக்கமாக வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996, அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவில் இருக்கிறது. சட்டங்களில் இரண்டைப் படித்து வையுங்கள். ஒன்று 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம். எழுதிய கட்டுரைகளுக்காக அதன் கீழ் ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஆகஸ்டில் 20 வருடச் சிறை விதிக்கப்பட்டது, பிறகுதான் மன்னிப்புக் கிடைத்தது. மற்றது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இது உங்கள் யூடியூப்புக்கும் பேஸ்புக்குக்கும் பொருந்தும்.

ஆபத்து சீருடையில் மட்டும் வருவதில்லை. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்புப் பக்கம் மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி எடுக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். மரம், மணல், கிரவல், சட்டவிரோத மீன்பிடி இவற்றுக்குத் தனியாகப் போகாதீர்கள்.

மிதிவெடி பற்றி நீட்டத் தேவையில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்தில் நல்ல கோணம் என்று ஒன்று இல்லை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பெண்களைப் படமெடுக்க விரும்பினால் அந்த நிறுவனத்தின் அனுமதியோடு, அவர்கள் தரும் உடுப்பைப் போட்டு, அவர்கள் சொன்ன கோட்டுக்குள் நில்லுங்கள்.

பலருக்குக் கைவராத ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. “இந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஒப்பந்தகாரர் யார், எத்தனையாம் திகதி முடித்ததாகக் கையெழுத்து” என்று மூன்று வரியில் கேட்டு, பதில் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குழி விழுந்த வீதியில் நின்று எடுத்த ஒரு நாலு நிமிடப் படம், என் மற்ற எல்லாச் செய்திகளையும் விடக் கூடுதலாகப் பேசப்பட்டது.

கார்ட்டும் ஹார்ட் டிஸ்க்கும்

2018 டிசம்பரில் கிளிநொச்சியில் ஒரே இரவில் வெள்ளம் ஏறியபோது நான் இடுப்பளவு தண்ணியில் நின்று எடுத்த காட்சிகள் என்னிடம் இல்லை. அவற்றைத் தண்ணி கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு வந்து, நித்திரை இல்லாமல், டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன் என்று நினைத்து நானே கார்ட்டை அழித்தேன். அன்றிலிருந்து நிறைந்த கார்ட்டைப் பெட்டிக்குள் தலைகீழாக வைக்கிறேன், இரண்டு டிஸ்க்கில் ஏற்றித் திறந்து பார்க்காமல் எதையும் அழிப்பதில்லை. மூன்றாவது பிரதி வேறு வீட்டில், என் விசயத்தில் அக்காவின் அலுமாரியில்.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட். இரண்டு வருச ஆவணப்படத்துக்கு எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று தொடங்கும்போதே பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலான வேலைக்கு 1080பி போதும். கோப்புக்குத் திகதி, இடம், ஆள் என்று பெயர் வையுங்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பே தாராளம். லப்டொப் திணறினால் சின்ன அளவுப் பிரதி செய்து அதில் வெட்டுங்கள், கடைசியில் பெரியதோடு இணைத்துக்கொள்ளலாம். நேர்காணலை முழுக்கத் தமிழில் எழுதிவிட்டு, காகிதத்தில் கோடு போட்டு வெட்டுவது என் பழக்கம். நேரம் போகும், ஆனால் பிறகு போகாது.

செய்தியிலிருந்து ஆவணப்படத்துக்கு

செய்திக்குச் சம்பவம் வேண்டும். ஆவணப்படத்துக்குக் காலம் வேண்டும், அதாவது படம் தொடங்கும்போது தெரியாத ஒன்று முடியும்போது தெரிய வேண்டும். மழைக்குக் காத்திருந்து காலபோகம் விதைப்பதிலிருந்து, குளம் வான் பாய்வது, யானை வருவது, சூடு மிதிப்பது, நெல் விலை விழுவது வரைக்கும் ஒரு குடும்பத்தோடு நின்றால் அதற்குள்ளேயே எல்லாம் வந்துவிடும். அடுத்த காட்சிக்குக் காசு தேட வேண்டியதில்லை, வயல் தன்பாட்டில் நகரும்.

எடுக்கப்படாத கதைகள் நிறைய. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் மூன்றாம் தலைமுறை இன்றைக்கும் காணி உறுதிக்கு அலைகிறது. அவர்களிடம் கமரா கொண்டுபோனவர் குறைவு. 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணிக் குழாய் தாழ்க்கக் கிண்டியபோது மனித எச்சங்கள் வந்தன. அகழ்வு நடந்த நாட்களில் எல்லாக் கமராவும் குழியையே பார்த்தன. நாடா கட்டிய எல்லைக்கு வெளியே, பனை நிழலில் நாள் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் என் கண்ணில் படம்.

பழைய காட்சிகளுக்கு எங்கே போவது? வன்னியில் எந்த வீட்டிலும் அல்பம் இல்லை, 2009இல் எல்லாம் போய்விட்டது. ஆனால் அதற்கு முன் நடந்த கலியாணங்களின் வீடியோ கசெட் ஒரு பிரதி ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ பாரிசுக்கோ போயிருக்கும். அங்கே ஏதோ ஒரு சித்தியின் அலுமாரியில் இன்னும் இருக்கும். கேட்டால் டிஜிட்டலாக மாற்றி அனுப்புவார்கள். அப்படி வந்த ஒரு கசெட்டில், மாப்பிள்ளை அழைப்புக்குப் பின்னால், அந்த ஊரின் பழைய சந்தி முழுதாகத் தெரிந்தது. கடைகள், பெயர்ப்பலகை, சைக்கிள்கள், எல்லாம். கலியாண வீடியோக்காரர் தெரியாமல் எடுத்த வரலாறு அது. நான் எடுக்கும் கலியாணங்களில் இப்போது வீதியையும் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன்.

விற்பது

ஆசிரியருக்கு அனுப்பும் விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஆர், எங்கே, ஏன் இப்போது, எனக்கு அவர்களோடு என்ன தொடர்பு, எத்தனை நாள், எவ்வளவு காசு. கூடவே இரண்டு நிமிடக் காட்சி. “வன்னி மக்களின் வலி” என்று தலைப்புப் போட்டால் திறக்க மாட்டார்கள், ஒரு ஆளின் ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் குழுவுக்கு ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வேலை நல்ல காசு. எடுத்துச் செய்யுங்கள். ஆனால் உங்களை நம்பிப் பேசுகிறவர்களுக்கு அந்தப் படம் முடிந்த பிறகும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவர்கள் அல்ல. எனக்கு ஒரு முறை நடந்தது: நான் கூட்டிக்கொண்டு போன வீட்டில் எடுத்ததை, முகம் மறைக்கிறோம் என்று சொன்னவர்கள் மறைக்காமல் போட்டார்கள். அந்த வீட்டுப் படலையை இன்று வரைக்கும் என்னால் தாண்ட முடியவில்லை. இப்போது எழுத்தில் வாங்காமல் எவரையும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

எழுத்தில் வாங்க வேண்டியவை: நாள் கூலி, எரிபொருள் தனியாக, பாதிப் பணம் முற்பணமாக, எத்தனை முறை திருத்தம், மூலக் காட்சிகள் யாருக்குச் சொந்தம், பெயர் எங்கே வரும். புலமைச் சொத்துச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம், படைப்பாளிக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பது உண்மை. ஆனால் கையில் காகிதம் இல்லாமல் வாதாடப் போனால் பெற்றோல் காசும் சேர்ந்து போகும்.

யூடியூப்பில் விளம்பரப் பணத்துக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அது வரும்வரைக்கும் சேனலை உங்கள் கடை வாசல் என்று நினையுங்கள், வேலை தருகிறவர் வந்து பார்க்கிற இடம். வறுமையைக் காட்டிக் காசு திரட்டும் சேனல்கள் இங்கே பெருகிவிட்டன. பசியோடு இருக்கிற பிள்ளையின் முகத்தைப் போட்டு வங்கி இலக்கம் போடுவது ஊடகவியல் அல்ல. சனம் இரண்டையும் ஒன்றாக நினைக்கத் தொடங்கியதால் எங்களுக்கும் கதவு சாத்தப்படுகிறது.

பெரிய படத்துக்கு நிதி தேடும்போது ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் பேர்தா நிதியம் ஆசியப் படைப்பாளிகளுக்கும் திறந்தது. பக்கத்திலேயே 2015 முதல் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா நடக்கிறது. முதல் படத்தை அங்கே கொண்டுபோங்கள், பஸ் காசோடு போய் வரலாம், முன் வரிசையில் இருக்கிறவரும் உங்கள் மொழி தெரிந்தவர்.

ஊரில் காட்டுவது

விழாவுக்கு முன்போ பின்போ, படத்தில் வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும். முன்பள்ளிச் சுவர், ஒரு வெள்ளை வேட்டி, இரவல் புரொஜெக்டர், கோயில் ஸ்பீக்கர். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் முந்தின நாள் வைக்காதீர்கள், ஆட்கள் வர மாட்டார்கள். ஏழு மணிக்கு என்றால் எட்டுக்குத் தொடங்கும். கரன்ட் போனால் என்ன செய்வது என்று முதலே யோசித்து, நீளமான வயரும் ஜெனரேற்றர் உள்ளவரின் இலக்கமும் வைத்திருங்கள். வலிக்கிற காட்சி இருந்தால் சம்பந்தப்பட்டவருக்கு முதல் நாளே வீட்டில் தனியாகக் காட்டிவிடுங்கள், சனத்துக்கு நடுவில் முதல் தடவை பார்க்க விடாதீர்கள்.

என் முதல் திரையிடலில் யுத்தத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். படம் முடிந்ததும் முதலில் எழும்பியவர், பதினோராம் நிமிடத்தில் வந்த சிவப்பு மாடு தன்னுடையது, இப்போது காணவில்லை, அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டோம். மூன்று தரம் போட்டோம்.

காட்டப் போகும்போது பென்டிரைவில் பிரதி கொண்டுபோங்கள், ஒரு வீட்டுக்கு ஒன்று. பலரிடம் லப்டொப் இல்லை, ஆனால் டிவியின் பின்னால் யூஎஸ்பி துளை இருக்கும். 1080பி, எச்.264, எம்பி4 என்று ஏற்றினால் அநேகமான டிவியில் ஓடும். பென்டிரைவ் எப்எடி32 அமைப்பில் இருந்தால் நாலு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, அதனால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிறதுக்கு முன் உங்கள் வீட்டு டிவியில் ஒருக்கால் போட்டுப் பாருங்கள்.